அணுகுண்டைப் போரில் பயன்படுத்துவது நியாயமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணு மின்சாரம் வேண்டுமா வேண்டாமா, எந்த நாட்டிடம் எத்தனை குண்டு என்பதெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. போரில் ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது அணுகுண்டைப் போடுவது எப்போதாவது சரியாக இருக்க முடியுமா என்பது மட்டும்தான் கேள்வி. எனக்குச் சார்பு உண்டு: முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் எதிர்த்தரப்பின் வாதங்களில் சில வலுவானவை. அவற்றை நோஞ்சானாக்கிக் காட்டி ஜெயிப்பதில் பயனில்லை.

போர் என்றாலே கொலைதானே? தோட்டாவில் செத்தாலும் அணுகுண்டில் செத்தாலும் சாவு சாவுதான். இதற்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு?

பாதி உண்மை. 1945 மார்ச் 9ஆம் தேதி இரவு டோக்கியோ மீது அமெரிக்க விமானங்கள் போட்டவை சாதாரணத் தீக்குண்டுகள். விடிவதற்குள் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்துபோனார்கள். ஹிரோஷிமாவில் அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர். நாகசாகியில் சுமார் 70,000 பேர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மூன்று நகரங்களும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. ஊரையே இலக்காக்கி எரிக்கும் பழக்கம் அணுகுண்டுக்கு முன்பே வந்துவிட்டது. அதனால் 'அணு' என்பதாலேயே ஓர் ஆயுதம் பாவமாகிவிடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வேறுபாடு இருக்கிறது. போர் அறம் காலங்காலமாகக் கேட்டு வருவது இரண்டு கேள்விகள். சண்டையிடுபவரையும் சண்டையிடாதவரையும் பிரித்துப் பார்த்தாயா? அடைய நினைத்த ராணுவப் பலனை விஞ்சும் அழிவைச் செய்தாயா? துப்பாக்கி வைத்திருப்பவர் முதல் கேள்வியை மதிக்கலாம், மதிக்காமலும் போகலாம். நகரத்தின் மேல் அணுகுண்டு போடுபவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது. ஹிரோஷிமா குண்டு தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. எவ்வளவு அகலமான பரப்பைத் தரைமட்டமாக்க முடியும் என்று கணக்குப் போட்டு வைத்த உயரம் அது. பிரித்துப் பார்க்காமல் இருப்பது அங்கே பிழையாக நேர்ந்ததல்ல, திட்டத்தின் பகுதி.

அப்புறம், உதவி. போர்ச் சட்டங்களுக்கெல்லாம் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: அடிபட்டவரைத் தூக்கிச் செல்ல யாராவது மிஞ்சியிருப்பார்கள். ஹிரோஷிமாவின் மருத்துவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவர் மார்செல் ஜூனோ மருந்துகளோடு அங்கே போய்ச் சேர்ந்தது செப்டம்பரில். காயத்தையும் அதற்கு மருந்து போடும் கையையும் ஒரே நொடியில் சேர்த்து அழிக்கும் ஆயுதம் வேறு வகையானதுதான்.

கதிர்வீச்சு தலைமுறை தலைமுறையாகப் பாதிக்கும் என்பதுதானே முதல் காரணம்?

இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். குண்டுவீச்சில் தப்பியவர்களுக்குச் சில ஆண்டுகளில் ரத்தப் புற்றுநோய் அதிகரித்தது. மற்ற புற்றுநோய்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் வந்தன. கருவில் இருந்த குழந்தைகள் சிலர் சிறுத்த தலையோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் பிறந்தார்கள். இவையெல்லாம் உறுதியாகத் தெரிந்தவை. ஆனால் குண்டுவீச்சுக்குப் பிறகு கருவான பிள்ளைகளிடம் பரம்பரை நோய்கள் கூடியதாக, பல ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளில் தெளிவான சான்று கிடைக்கவில்லை. 'பரம்பரையே கெட்டுவிடும்' என்ற பேச்சால், உயிர் பிழைத்தவர்களின் பிள்ளைகள் திருமணத்திலும் வேலையிலும் ஒதுக்கப்பட்டதுதான் நடந்தது. அணுகுண்டை எதிர்ப்பதற்கு மிகைப்படுத்தல் தேவையில்லை. உள்ளதே போதும்.

ஹிரோஷிமா ஒரு ராணுவத் தளம்தானே?

அமெரிக்க அதிபர் ட்ரூமன் 1945 ஆகஸ்ட் 9 அன்று வானொலியில் அப்படித்தான் சொன்னார். பொதுமக்கள் சாவதை முடிந்தவரை தவிர்க்க விரும்பியே அந்த ராணுவத் தளத்தைத் தேர்ந்தெடுத்ததாகவும் சொன்னார். ஹிரோஷிமாவில் ஒரு பெரிய படைத் தலைமையகம் இருந்தது உண்மை. படைவீரர்கள் பலர் இறந்ததும் உண்மை.

ஆனால் குறி அதன் மேல் இல்லை. நகரத்தின் நடுவே, வானத்திலிருந்து எளிதாக அடையாளம் தெரியும் ஆயோய் பாலம்தான் குறிவைத்த இடம். மே 31 அன்று நடந்த ஆலோசனைக் கூட்டத்தில் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் தொகுத்துச் சொன்ன முடிவு இன்னும் வெளிப்படையானது: ஏராளமான தொழிலாளர்கள் வேலை செய்யும், அவர்களுடைய வீடுகள் நெருக்கமாகச் சூழ்ந்திருக்கும் முக்கியமான போர்த் தொழிற்சாலைதான் மிகவும் ஏற்ற இலக்கு. தொழிற்சாலை மட்டும் இலக்கு என்றால் வீடுகள் சூழ்ந்திருப்பது தடையாகத்தானே இருந்திருக்க வேண்டும்? இங்கே அது தகுதியாகிவிட்டது.

இதே ஸ்டிம்சன்தான் கியோட்டோ நகரத்தைப் பட்டியலிலிருந்து பிடிவாதமாக நீக்கியவர். அது பண்பாட்டுத் தலைநகரம், அழித்தால் ஜப்பானியர் என்றைக்கும் மன்னிக்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். ஒரு நகரத்தைக் காப்பாற்றத் தோன்றிய மனிதருக்கு இன்னொன்றைக் கொடுத்துவிடவும் முடிந்தது. அவரை அரக்கன் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை எளிதாகிவிடும். அவர் அரக்கன் இல்லை என்பதுதான் சங்கடம்.

நகரத்தில் அன்று காலை தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து வழி அமைக்கும் வேலையில் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இறக்கப்பட்டிருந்தார்கள். ஜப்பான் கட்டாய வேலைக்குக் கொண்டுவந்திருந்த கொரியர்களும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

குண்டு போடாமல் படையெடுத்திருந்தால் இன்னும் பல லட்சம் பேர் செத்திருப்பார்களே? கூட்டிக் கழித்துப் பார்த்தால் உயிர்களைக் காப்பாற்றியது குண்டுதானே?

அணுகுண்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் மிக வலுவான வாதம் இதுதான். அதனால் இதற்குக் கொஞ்சம் அதிக இடம் தருகிறேன்.

ஒகினாவா போர் 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்தது. அதன் கோரம் எல்லோர் மனதிலும் இருந்தது. ஜப்பானின் முக்கியத் தீவுகள் மீதான படையெடுப்பு நவம்பர் 1 அன்று தொடங்கத் திட்டம். ஜப்பானின் உச்சப் போர்க் குழு ஆகஸ்ட் 9 அன்று, இரண்டாவது குண்டு விழுந்த செய்தி வந்த பிறகும், மூன்றுக்கு மூன்று என்று பிளவுபட்டே நின்றது. பேரரசர் தலையிட்ட பிறகுதான் முடிவு வந்தது. இன்னொன்றும் உண்டு: ஜப்பானியப் படைகள் பிடித்து வைத்திருந்த சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஒவ்வொரு நாளும் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். போர் ஒரு மாதம் நீண்டிருந்தால் அந்த மரணங்களும் கூடியிருக்கும். அணுகுண்டை எதிர்ப்பவர்கள் இதைப் பேசாமல் நழுவுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது நேர்மை இல்லை.

சரி, எதிர்ப்பக்கம். 'குண்டு அல்லது படையெடுப்பு' என்று இரண்டே வழிகள் இருந்ததாகச் சொல்வது போருக்குப் பின் வந்த சித்திரம். பேரரசர் பதவியில் நீடிக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்; ஜப்பான் சரணடைய வேண்டும் என்று கோரிய ஜூலை 26 போட்ஸ்டாம் அறிக்கையில் அது சொல்லப்படவில்லை, சரணடைந்த பிறகு அவர் நீடிக்கவும் செய்தார். சோவியத் யூனியன் போரில் இறங்கும்வரை காத்திருந்திருக்கலாம். ஆகஸ்ட் 8 அன்று அது போர் அறிவித்தது. ஆள் இல்லாத இடத்தில் வெடித்துக் காட்டியிருக்கலாம். ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையிலான விஞ்ஞானிகள் குழு ஜூன் மாதமே அதை எழுதிக் கொடுத்தது. இவற்றில் எது பலித்திருக்கும் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அதே அளவு நிச்சயமின்மை அந்தப் 'பல லட்சம் உயிர்கள்' கணக்குக்கும் உண்டு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க இழப்புகள் என்ற எண் பரவலானது 1947இல் ஸ்டிம்சன் எழுதிய கட்டுரைக்குப் பிறகு. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்க அரசின் குண்டுவீச்சு ஆய்வுக்குழு, அணுகுண்டு இல்லாவிட்டாலும் ஜப்பான் 1945 இறுதிக்குள் சரணடைந்திருக்கும் என்று எழுதிவிட்டது. அந்த முடிவையும் பிற்கால வரலாற்றாசிரியர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

நான் கவனிக்கச் சொல்வது இதைத்தான்: தராசின் ஒரு தட்டில் இருந்தவை நிச்சயமான சாவுகள். மறு தட்டில் இருந்தவை ஊகித்த சாவுகள். அணுகுண்டை நியாயப்படுத்தும் ஒவ்வொரு வாதமும் எதிர்காலத்தைத் தெரிந்துவைத்திருப்பவரைப் போலப் பேசுகிறது. முடிவெடுத்தவர்களுக்கு அந்தத் தெளிவு இருக்கவில்லை.

கணக்கு சரியாகவே இருந்தாலும் இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது. 1956இல் ட்ரூமனுக்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் தர முன்வந்தபோது, தத்துவ அறிஞர் எலிசபெத் ஆன்ஸ்கோம் எதிர்த்து நின்றார். குற்றமற்றவரைக் கொல்வதையே தன் காரியத்துக்கு வழியாகத் தேர்ந்தெடுப்பது கொலைதான், பலன் எதுவானாலும் அது மாறாது என்பது அவர் நிலை. நிபந்தனையற்ற சரணாகதி வேண்டும் என்ற பிடிவாதமே எல்லாத் தீமைக்கும் வேர் என்றும் சொன்னார். பட்டம் கொடுக்கப்பட்டது. அவர் வாதத்தை ஏற்காதவர்களும் ஒன்றை யோசிக்கலாம்: உங்கள் படைவீரர்களைக் காப்பாற்ற எதிரி நாட்டுக் குழந்தைகளைக் கொல்லலாம் என்றால், அந்த விதியை எதிரியும் எடுத்துக்கொள்வானே?

நாகசாகி?

முதல் குண்டுக்கு வாதாடுபவர்கள் பலர் இரண்டாவதுக்கு வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். காரணம் இருக்கிறது. நாகசாகிக்கென்று தனியாக அமர்ந்து யாரும் முடிவெடுக்கவில்லை. குண்டுகள் தயாராகத் தயாராகப் போடலாம் என்று ஜூலை 25 தேதியிட்ட ராணுவ உத்தரவு சொன்னது, அவ்வளவுதான். ஆகஸ்ட் 11க்கு வைத்திருந்த இரண்டாவது தாக்குதல் வானிலை காரணமாக 9ஆம் தேதிக்கு முன்னால் வந்தது. முதல் இலக்கு கோக்குரா நகரம். அங்கே தரை தெரியவில்லை என்று விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. ஹிரோஷிமாவில் என்ன நடந்தது என்று ஜப்பானிய அரசு முழுதாகப் புரிந்துகொள்ளவும் நேரம் தரப்படவில்லை.

மறுநாள், இனி தன் உத்தரவு இல்லாமல் குண்டு போடக்கூடாது என்று ட்ரூமன் நிறுத்திவைத்தார். இன்னும் ஒரு லட்சம் பேரை அழிப்பதை நினைக்கவே கொடுமையாக இருக்கிறது, அத்தனை குழந்தைகளைக் கொல்வது பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதாக அமைச்சர் ஹென்றி வாலஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ராணுவத் தளம் என்று வானொலியில் சொன்னது அதற்கு முந்தைய நாள்.

ஜப்பான் ராணுவம் செய்த கொடுமைகளுக்கு இது தண்டனை என்று எடுத்துக்கொள்ளலாமே?

நான்ஜிங், மணிலா நகரங்களில் நடத்திய படுகொலைகள், கைதிகளை நடத்திய விதம் எதையும் யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தண்டனை என்றால் குற்றம் செய்தவருக்குப் போய்ச் சேர வேண்டும். நாகசாகியின் உராகாமியில் இருந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும், இழுத்துவரப்பட்ட கொரியத் தொழிலாளிக்கும் நான்ஜிங்கோடு என்ன தொடர்பு? பொறுப்பில் இருந்த தலைவர்களைப் பிடித்து விசாரிக்க டோக்கியோவில் ஒரு நீதிமன்றமே அமைத்தார்கள். தண்டனைக்கான இடம் அது. அந்த விசாரணையிலும் ஓர் ஓட்டை இருந்தது. வென்றவர்கள் வீசிய குண்டு விசாரணைக்கு வரவில்லை. நீதிபதிகளில் ஒருவரான ராதாபினோத் பால் தன் மாறுபட்ட தீர்ப்பில் அதைச் சுட்டிக்காட்டினார்.

சர்வதேசச் சட்டம் தடை செய்திருக்கிறதா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாமல் போனதுதான் கதை. ஐ.நா. பொதுச் சபை கேட்டதற்கு, 1996 ஜூலை 8 அன்று சர்வதேச நீதிமன்றம் கருத்துரை வழங்கியது. அணு ஆயுதப் பயன்பாடு போர்ச் சட்டத்துக்குப் பொதுவாக முரணாகவே இருக்கும்; ஆனால் ஒரு நாடு பிழைத்திருப்பதே கேள்விக்குறியாகும் உச்சகட்டத் தற்காப்புச் சூழலில் சட்டப்படி சரியா தவறா என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. நீதிபதிகள் ஏழுக்கு ஏழு. தலைவர் பெஜாவியின் கூடுதல் வாக்கால்தான் இது முடிவானது.

எதிர்த்து வாக்களித்த ஏழு பேரும் குண்டின் ஆதரவாளர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று பேர் எதிர்த்ததே, எந்தச் சூழலிலும் கூடாது என்று நேரடியாகச் சொல்லவில்லை என்பதற்காக. அவர்களில் ஒருவர் இலங்கையின் கிறிஸ்டோபர் வீரமந்திரி. போரில் கட்டுப்பாடு என்பது ஐரோப்பியக் கண்டுபிடிப்பு இல்லை என்று காட்ட, அவர் பல சமயங்களையும் நாகரிகங்களையும் எடுத்துக்கொண்டார். எதிரி இனத்தையே அழிக்கும் அஸ்திரத்தை இலக்குவன் எடுக்க முனைந்தபோது இராமன் தடுத்ததையும், அர்ச்சுனன் பாசுபதாஸ்திரத்தைப் பயன்படுத்தாமல் விட்டதையும் ஒரு சர்வதேசத் தீர்ப்பில் படிக்கலாம்.

அதற்கு முன்பே, 1963இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் இரண்டு குண்டுவீச்சுகளும் அன்றைய சட்டத்துக்கே எதிரானவை என்று தீர்ப்பளித்தது. ஆனால் பாதிக்கப்பட்ட தனிநபர்கள் இழப்பீடு கோர முடியாது என்றும் சொல்லிவிட்டது. 2017இல் 122 நாடுகள் வாக்களித்து அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் உருவானது. 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூடச் சேரவில்லை. சேராத நாட்டை அது கட்டுப்படுத்தாது.

நடுக்கடலில் ஒரு போர்க்கப்பல் மேல் போட்டால்? பொதுமக்கள் யாருமே இல்லையே.

பிரிட்டன் 1996 வழக்கில் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது: ஆழ்கடலில் போர்க்கப்பல் மீதோ, மக்கள் நெருக்கம் குறைந்த இடத்தில் படைகள் மீதோ சிறிய குண்டைப் போட்டால் பொதுமக்கள் இழப்பு குறைவாகவே இருக்கலாம். தனியாக எடுத்து மேசை மேல் வைத்துப் பார்த்தால் இதை மறுப்பது கடினம். மறுக்கவும் நான் முயலவில்லை.

ஆனால் விதிவிலக்கைக் கற்பனை செய்ய முடிவது வேறு, அதற்காகத்தான் ஆயுதம் வைத்திருக்கிறோம் என்பது வேறு. ஒரு கப்பலை மூழ்கடிக்கச் சாதாரண ஏவுகணை போதும். அணுகுண்டை எடுக்கிறார்கள் என்றால் கப்பலுக்காக மட்டும் எடுப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று எதிரிக்குக் காட்டத்தான் எடுக்கிறார்கள். அந்த 'அடுத்தது' கடலில் இருக்காது. நகரங்களைக் காட்டி மிரட்டும் ஆயுதக் கிடங்குக்கு நடுக்கடல் கப்பலைக் காட்டி அறச்சான்றிதழ் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது சிறிய ரகக் குண்டுகள் வந்துவிட்டனவே? போர்க்களத்தோடு முடிந்துவிடும் என்கிறார்களே.

'சிறிய' என்பதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். ஹிரோஷிமா குண்டின் வலிமை சுமார் 15 கிலோடன், அதாவது 15,000 டன் வெடிமருந்துக்குச் சமம். இன்றைய பேச்சில் அதுவே சிறிய ரகத்தில்தான் சேரும். 0.3 கிலோடன் வரை குறைத்துக்கொள்ளக்கூடிய குண்டுகளும் உண்டு, உண்மைதான்.

1955இல் நேட்டோ நாடுகள் ஐரோப்பாவில் 'கார்ட் பிளாஞ்ச்' என்ற பெயரில் ஒரு போர்ப் பயிற்சி நடத்தின. 335 அணுகுண்டுகள் போட்டதாகப் பாவனை. பாதுகாக்க வேண்டிய மேற்கு ஜெர்மனியிலேயே 17 லட்சம் பேர் சாவார்கள், 35 லட்சம் பேர் காயமடைவார்கள் என்று கணக்கு வந்தது. செய்தி வெளியானதும் ஜெர்மானியர்கள் கொதித்துப்போனார்கள். ஒரு குண்டின் அளவை வைத்து அறத்தை அளந்தால் இந்த மாதிரி விடை மறைந்துபோகும். முதல் குண்டு எவ்வளவு சிறியது என்பதை நாம் தீர்மானிக்கலாம். பதிலுக்கு வருவது எவ்வளவு பெரியது என்பதை எதிரிதான் தீர்மானிப்பான், அதுவும் சில நிமிடங்களில், அரைகுறைத் தகவலோடு.

நாடே அழியப்போகிறது. வேறு வழியே இல்லை. அப்போதுமா?

'நாடு' என்று எதைச் சொல்கிறோம்? அரசு கவிழ்வதும் எல்லை மாறுவதும் மக்கள் கூண்டோடு கொல்லப்படுவதும் ஒன்றல்ல. தோற்கும் நிலையில் உள்ள எல்லா அரசுகளும் தங்கள் முடிவையே மக்களின் முடிவு என்றுதான் அறிவிக்கும். முதல் இரண்டுக்காக இன்னொரு ஊரின் லட்சம் பேரைக் கொல்லலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது, அதாவது இன அழிப்பு உண்மையிலேயே நடக்கப்போகிறது, அணுகுண்டு ஒன்றுதான் அதைத் தடுக்கும் என்றால்? இங்கே தத்துவவாதிகள் பிரிந்துபோகிறார்கள். சிலர் அப்போது விதியை மீறலாம், ஆனால் மீறியவர் கை கறைபட்டதுதான் என்பார்கள். நானும் அந்த மூலையில் தடுமாறியிருக்கிறேன். ஆனால் நகரத்தை எரித்தால் இன அழிப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை நிறைவேறும் ஒரு சூழலை வரலாற்றில் தேடிப்பாருங்கள். கிடைப்பது அரிது. எதிரியிடமும் அணுகுண்டு இருந்தால் அது இன்னும் அரிது.

சரி, முதலில் அவர்கள் போட்டுவிட்டார்கள். பதிலடி கூடவா தப்பு?

கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனாலும் கேட்டாக வேண்டும்: பதிலடி இப்போது யாரைக் காப்பாற்றும்? 'போட்டால் போடுவோம்' என்ற மிரட்டலின் வேலை முதல் குண்டைத் தடுப்பது. அது விழுந்துவிட்டது என்றால் மிரட்டல் தோற்றுவிட்டது. அதற்குப் பிறகு எதிரியின் நகரத்தை எரித்தால் நம் நகரத்தில் செத்தவர் ஒருவரும் எழப்போவதில்லை. எதிரியின் மீதமுள்ள ஏவுகணைகளை அழித்து அடுத்த தாக்குதலைத் தடுக்க முடியும் என்றால் அது வேறு பேச்சு. நகரத்துக்கு நகரம் என்பது பழிவாங்கல். பொதுமக்கள் மீது பழிவாங்கும் தாக்குதல் கூடாது என்று 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறை சொல்கிறது; அணு ஆயுத நாடுகள் சில, அந்தப் புதிய விதிகள் அணு ஆயுதத்துக்குப் பொருந்தாது என்று ஒதுங்கிக்கொண்டன.

இந்தச் சிக்கலை ஒரு மனிதரின் மேசையில் கொண்டுவந்து வைக்கும் நடைமுறை பிரிட்டனில் இருக்கிறது. புதிய பிரதமர் பதவியேற்றதும், நான்கு அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பல்களின் தளபதிகளுக்கும் தன் கையால் கடிதம் எழுத வேண்டும். நாடு அழிந்து, அரசு இல்லாமல் போனால் மட்டுமே அது பிரிக்கப்படும். பதிலடி கொடு என்று எழுதலாம், கொடுக்காதே என்றும் எழுதலாம். பதவி மாறும்போது பிரிக்காமலேயே அழித்துவிடுகிறார்கள். எதிரி நம்ப வேண்டும் என்பதற்காகப் 'போடுவோம்' என்று வெளியே சொல்லும் அதே மனிதர், உள்ளே என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது.

அப்படியானால் போடாமல், போடுவேன் என்று மிரட்டிக்கொண்டே இருந்தால் போதுமே? யாரும் சாகவில்லையே.

விபத்துகளைக் குறைக்க ஒவ்வொரு காரின் முன்பக்கத்திலும் ஒரு குழந்தையைக் கட்டிவைத்தால் எப்படியிருக்கும் என்று கேட்டார் அமெரிக்க இறையியல் அறிஞர் பால் ராம்சே. எல்லோரும் மெதுவாக ஓட்டுவார்கள், ஒரு குழந்தைக்கும் காயம் படாமல்கூடப் போகலாம். அதற்காக அது சரியாகிவிடுமா? மிரட்டல் நம்பும்படியாக இருக்க வேண்டுமென்றால், உத்தரவு வந்தால் போட்டுவிடும் மனிதர்களையும் எந்திரங்களையும் இரவும் பகலும் தயாராக வைத்திருக்க வேண்டும். வெறும் நடிப்பாக அதை நடத்த முடியாது.

அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 1983இல், ஆயுதக் குறைப்பை நோக்கி நகரும்வரை மட்டும் என்று கடும் நிபந்தனையோடு இந்த மிரட்டலைப் பொறுத்துக்கொண்டார்கள். 2019இல் ஹிரோஷிமாவில் நின்ற போப் பிரான்சிஸ், வைத்திருப்பதே அறத்துக்கு எதிரானது என்றார். இடையில் கடந்த 36 ஆண்டுகளில், தற்காலிகம் என்று சொன்னது நிரந்தரமாகிவிட்டதே என்பதுதான் அந்த மாற்றத்துக்கு அடியில் இருக்கும் மனக்கசப்பு என்று நான் படிக்கிறேன்.

1945க்குப் பிறகு உலகப் போர் வரவில்லையே. அதற்குக் காரணம் அணுகுண்டுதானே?

ஓரளவு இருக்கலாம். வல்லரசுகள் நேருக்கு நேர் மோதத் தயங்கியதில் பயத்துக்குப் பங்குண்டு. ஆனால் 1962 அக்டோபர் 27 அன்று, கியூபா அருகே அமெரிக்கக் கப்பல்கள் துரத்திய சோவியத் நீர்மூழ்கியில் அணு டார்பிடோ இருந்தது. அதைச் செலுத்த வாசிலி ஆர்க்கிபோவ் என்ற அதிகாரி சம்மதிக்கவில்லை. 1983 செப்டம்பர் 26 அன்று அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் சோவியத் செயற்கைக்கோள் எச்சரித்தது. பணியில் இருந்த சோவியத் அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் அதைப் பொய் எச்சரிக்கை என்று சரியாகக் கணித்தார். அந்த இரண்டு இடங்களிலும் வேலை செய்தது, 'போட்டால் போடுவோம்' என்று மிரட்டித் தடுக்கும் கொள்கை இல்லை. கொள்கையை இயந்திரம்போல் பின்பற்ற மறுத்த ஆட்கள்.

உத்தரவு வந்தால் ஏவ வேண்டிய படைவீரரின் நிலை?

1973இல் அமெரிக்க விமானப்படை மேஜர் ஹரோல்ட் ஹெரிங், ஏவுகணைப் பயிற்சி வகுப்பில் ஒரு கேள்வி கேட்டார். எனக்கு வரும் உத்தரவு மனநிலை சரியாக இருக்கும் அதிபரிடமிருந்துதான் வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? பதில் கிடைக்கவில்லை, வேலை போய்விட்டது. மேலிட உத்தரவு என்பது போர்க்குற்றத்துக்குச் சாக்காகாது என்று நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையில் நிலைநாட்டியவர்களின் நாடுதான் அது. வீரர் சட்டவிரோதமான உத்தரவை மறுக்க வேண்டும் என்கிறது ஒரு விதி. சில நிமிடங்களில், இலக்கு எதுவென்றே சொல்லப்படாமல் சாவியைத் திருப்ப வேண்டும் என்கிறது பயிற்சி. இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்று இன்றுவரை யாரும் எனக்குப் புரியும்படி விளக்கவில்லை.

போரில் சேராத நாடுகளுக்கு இதில் என்ன சம்பந்தம்?

வயிற்றுப் பாடு. எரியும் நகரங்களின் கரிப்புகை மேல் வளிமண்டலத்துக்குப் போய்ச் சூரிய ஒளியை மறைத்தால், உலகம் முழுக்க விளைச்சல் விழும். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியா–பாகிஸ்தான் அணுப் போரின் பின்விளைவாக 200 கோடிக்கும் மேற்பட்டோரும், அமெரிக்கா–ரஷ்யா போரின் பின்விளைவாக 500 கோடிக்கும் மேற்பட்டோரும் பெரும்பாலும் பட்டினியால் சாகலாம் என்று கணித்தது. எவ்வளவு புகை மேலே போகும் என்பதில் விஞ்ஞானிகளிடையே தகராறு இருக்கிறது, குறைவாகத்தான் போகும் என்பவர்களும் உண்டு. கணிப்பில் பத்தில் ஒரு பங்கு உண்மையானாலும், அந்தப் போரைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்கூடச் சாவார்கள். அளவு விஞ்சக்கூடாது என்ற விதியை இதன் மேல் பொருத்திப் பார்ப்பதே அபத்தமாகிவிடுகிறது.

மக்கள் இதை ஏற்க மாட்டார்கள் என்பது ஒரு பாதுகாப்பு இல்லையா?

நம்ப முடியவில்லை. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஸ்காட் சேகன், பெஞ்சமின் வாலன்டினோ என்ற அறிஞர்கள் அமெரிக்கர்களிடம் ஒரு கற்பனைச் சூழலை வைத்துக் கருத்துக் கேட்டார்கள். 20,000 அமெரிக்க வீரர்களைக் காப்பாற்ற 20 லட்சம் ஈரானியப் பொதுமக்கள் சாகும்படி குண்டு போட்டால் ஏற்பீர்களா? சுமார் 60 சதவீதம் பேர் ஏற்றார்கள்.

முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று சில நாடுகள் சொல்கின்றனவே, அதற்கு மதிப்பு உண்டா?

உண்டு, நிபந்தனையோடு. சீனா 1964இல் தன் முதல் சோதனையின்போதே அப்படி அறிவித்தது. இந்தியா 2003 ஜனவரியில் அதிகாரபூர்வமாகச் சொன்னது. ஆனால் ரசாயன, உயிரியல் ஆயுதங்களால் தாக்கினால் அணு ஆயுதத்தால் பதிலளிக்கும் உரிமையையும், பதிலடி மிகப் பெரியதாக இருக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னது. சோவியத் யூனியன் 1982இல் கொடுத்த உறுதியை ரஷ்யா 1993இல் கைவிட்டது. வாயால் கொடுத்ததை வாயாலேயே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு அதுவே உதாரணம். அறிவிப்பைவிட ஏற்பாடுகளைப் பாருங்கள்: குண்டும் ஏவுகணையும் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கின்றனவா, உத்தரவு கிடைத்தால் எத்தனை நிமிடத்தில் ஏவ முடியும், எல்லைக்கு அருகே குறுகிய தூர ஏவுகணைகள் நிறுத்தப்பட்டிருக்கின்றனவா? முதலில் போடமாட்டேன் என்று உண்மையிலேயே நினைக்கும் நாட்டுக்கு அவசரம் எதுவும் இருக்காது.